ஜெயித்த பயிற்சியாளரை ஏன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் பணக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் ஃபுட்பால் என்றால் ஹெல்மெட் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். பேச்சு முழுவதும் பல்கலைக்கழக அணிகளைப் பற்றியது. தொகைகள் எல்லாம் டாலர். செய்திகளில் மில்லியன் என்று வருவதைப் பத்தால் வகுத்தால் இங்கே உள்ள கோடிக் கணக்கு வந்துவிடும்.

ஒரு சீசனில் 9 ஆட்டம் ஜெயித்தவரையும் நீக்குகிறார்களே, எந்த அடிப்படையில்?

வழக்கமான சீசனுக்கு 12 ஆட்டங்கள். அதில் 9 வெற்றி கிடைத்தால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பயிற்சியாளருக்குச் சம்பள உயர்வு கொடுக்கும். ஆனால் பெரிய மைதானமும் பழைய பெருமையும் உள்ள சில பல்கலைக்கழகங்களில் மொத்த வெற்றிக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. சம பலமுள்ள அணிகளோடு மோதியபோது என்ன ஆயிற்று என்றுதான் பார்க்கிறார்கள்.

பென் ஸ்டேட்டின் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் இதற்குத் தெளிவான உதாரணம். அங்கே அவருடைய கணக்கு 104 வெற்றி, 45 தோல்வி. 2024 சீசனில் அணியைத் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் அரையிறுதி வரை கொண்டுபோனார். ஆனால் முதல் 10 இடங்களில் இருந்த அணிகளோடு ஆடிய 25 ஆட்டங்களில் 4-ஐ மட்டுமே ஜெயித்தார். 2025 சீசன் தொடங்கும்போது அணி தேசிய அளவில் 2-ஆம் இடத்தில் இருந்தது. ஓரிகனிடம் தோற்றது. அடுத்த வாரம், அதுவரை ஒரு வெற்றிகூடப் பெறாத யு.சி.எல்.ஏ.விடம் தோற்றது. அதற்கடுத்து சொந்த ஊரில் நார்த்வெஸ்டர்னிடம் தோற்றது. மறுநாள், அக்டோபர் 12 அன்று, நீக்கிவிட்டார்கள்.

பிளேஆஃப் பெரிதானதும் நெருக்கடியைக் கூட்டியது. 2023 வரை 4 அணிகளுக்கு மட்டும் இடம். 2024 முதல் 12 அணிகளுக்கு. நான்கே இடம் இருந்தபோது 9 வெற்றியோடு சீசன் முடிந்தால் ஆறுதல் சொல்ல வழி இருந்தது. பன்னிரண்டு இடம் வந்த பிறகும் உள்ளே போகாத பயிற்சியாளரிடம் காரணம் கேட்கிறார்கள்.

பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு: சீசன் டிக்கெட் புதுப்பிப்பு. நல்ல இருக்கை வேண்டுமென்றால் டிக்கெட் விலையோடு நின்றுவிடாது. ஆண்டுதோறும் தனியாக நன்கொடையும் கட்ட வேண்டும். அந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு முன்பு வருமான வரிச் சலுகை இருந்தது. 2017 வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. சலுகை போன பிறகும் பணம் கட்டுகிறவர்களின் நம்பிக்கை குறைந்தால், அது விளையாட்டுத் துறையின் வரவில் நேராகத் தெரியும். தோல்வியைவிட, மைதானத்தில் காலி இருக்கைகள் தெரிவதைத்தான் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை இயக்குநர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள்.

நீக்கியதால் அணி முன்னேறுகிறதா?

சில இடங்களில் முன்னேறியிருக்கிறது. ஆனால் சராசரிக் கணக்கு சாதகமாக இல்லை.

நெப்ராஸ்கா 2003-இல் ஃபிராங்க் சோலிச்சை நீக்கியது. ஆறு சீசனில் 58 வெற்றி, 19 தோல்வி. 2001 சீசனில் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம் வரை போனவர். நீக்கப்பட்ட ஆண்டிலும் வழக்கமான சீசனில் 9 வெற்றி, 3 தோல்வி. அணி நடுத்தரத்துக்குச் சரிந்துபோக விடமாட்டேன் என்று சொல்லித்தான் இயக்குநர் ஸ்டீவ் பீடர்சன் அந்த முடிவை எடுத்தார். அடுத்து வந்த பில் கேலஹனின் முதல் சீசன் 5 வெற்றி, 6 தோல்வி. 1961-க்குப் பிறகு நெப்ராஸ்கா காணாத தோல்வி சீசன் அது. 2007-இல் இயக்குநர், பயிற்சியாளர் இருவருமே போனார்கள். பிறகு வந்த போ பெலினி ஏழு சீசன் இருந்தார். ஒரு சீசனில்கூட 9 வெற்றிக்குக் குறையவில்லை. அவரையும் 2014-இல் நீக்கினார்கள். அடுத்த மைக் ரைலி 19 வெற்றி, 19 தோல்வி. அதற்கடுத்த ஸ்காட் ஃப்ராஸ்ட் 16 வெற்றி, 31 தோல்வி.

டென்னசியும் அதே பாதையில் போனது. 1998-இல் தேசியப் பட்டம் வென்று தந்த ஃபிலிப் ஃபுல்மரை 2008-இல் அனுப்பிவிட்டு, 2009 முதல் 2020 வரையிலான 12 சீசனில் நான்கு பயிற்சியாளர்களைப் பார்த்தது.

மறுபக்கம் ஜார்ஜியா. 15 சீசனில் 145 ஆட்டம் ஜெயித்த மார்க் ரிக்டை 2015-இல் நீக்கியபோது பலர் கொதித்தார்கள். அடுத்து வந்த கிர்பி ஸ்மார்ட் 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டம் வென்றார். இன்று எந்த ஊரில் பயிற்சியாளரை நீக்கப் பேச்சு எழுந்தாலும் ஜார்ஜியாவைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஆனால் ரிக்டுக்கு மாற்றாக வரக்கூடியவர் யார் என்று ஜார்ஜியாவுக்கு முன்பே தெரியும். அங்கேயே ஆடி வளர்ந்தவர், அலபாமாவில் நிக் சேபனிடம் ஆண்டுக்கணக்கில் துணைப் பயிற்சியாளராக இருந்தவர், அப்போது கையெட்டும் தூரத்தில் இருந்தார். நெப்ராஸ்காவிடம் 2003-இல் அப்படி யாரும் இல்லை. மாற்று ஆள் கைவசம் இல்லாமல் நீக்குவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் பிழை.

1997 முதல் 2010 வரையிலான தரவை வைத்துக் கொலராடோ, லயோலா சிகாகோ பல்கலைக்கழக அரசியல் அறிஞர்கள் செய்த ஆய்வு ஒன்றும் உண்டு. மிக மோசமான அணிகளுக்குப் பயிற்சியாளரை மாற்றியதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. நடுத்தர அணிகளோ, மாற்றாமல் இருந்த ஒத்த அணிகளைவிடப் பின்தங்கின.

ஒரு பயிற்சியாளருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது?

தொலைக்காட்சிதான் முதல் ஊற்று. 1984 வரை எந்த ஆட்டத்தை ஒளிபரப்புவது என்பதை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒன்றே முடிவு செய்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழக ஆட்சிக் குழு தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகத்தை உடைத்தது. அதன் பிறகு லீக்குகள் தாங்களே பேரம் பேசத் தொடங்கின. பிக் டென் லீக் 2022-இல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. நிறுவனங்களோடு போட்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். பிளேஆஃப் ஆட்டங்களுக்கு மட்டும் ஈ.எஸ்.பி.என். ஆறு ஆண்டுக்கு 780 கோடி டாலர் தருகிறது.

இவ்வளவு வந்தும் அது பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், வேறு போக வழியில்லாததுதான். வீரர்களுக்குச் சம்பளம் தர விதி தடை போட்டது. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றோடு சரி. லாபத்தைப் பங்கு போட முதலாளிகளும் இல்லை. ஆகவே வந்த பணம் பயிற்சியாளர் சம்பளம், துணைப் பயிற்சியாளர் கூட்டம், உடற்பயிற்சிக் கூடம், மைதானம் என்றே போனது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் தன் கைல் ஃபீல்ட் மைதானத்தைப் புதுப்பிக்க மட்டும் சுமார் 48.5 கோடி டாலர் செலவிட்டது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர், ஆளுநரோ துணைவேந்தரோ அல்ல. ஒரு ஃபுட்பால் அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்.

பைஅவுட் என்றால் என்ன? அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் காரணமின்றி நீக்கினால் பல்கலைக்கழகம் தர வேண்டிய தொகை அது. மீதமுள்ள சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள். பயிற்சியாளரே பாதியில் வேறு ஊருக்குப் போனால் அவர் தர வேண்டிய தொகையும் தனியாக இருக்கும். அது பெரும்பாலும் சிறியது, அதையும் அவரை எடுத்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் கட்டிவிடும்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் ஜிம்போ ஃபிஷர் ஒப்பந்தத்தைப் பார்த்தால் கணக்கு விளங்கும். 2017 இறுதியில் 10 ஆண்டுக்கு 7.5 கோடி டாலர், முழுத்தொகைக்கும் உத்தரவாதம். 2020 சீசனில் 9 வெற்றி, 1 தோல்வி. எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அவரை இழுக்கக்கூடும் என்ற பேச்சு அடிபட, 2021-இல் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டினார்கள். 2022-இல் 5 வெற்றி, 7 தோல்வி. 2023 நவம்பர் 12 அன்று நீக்கினார்கள். தர வேண்டியது: 60 நாளுக்குள் 1.92 கோடி, பிறகு 2031 வரை ஆண்டுக்கு 72 லட்சம். எட்டு ஆண்டுக்கு 72 லட்சம் என்றால் 5.76 கோடி. இரண்டையும் கூட்டினால் 7.68 கோடி டாலர். அவர் வேறு எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் இதில் ஒரு காசு குறையாது.

ஃபிராங்க்ளினோடு இதை ஒப்பிடுங்கள். நீக்கிய அன்று பென் ஸ்டேட் தர வேண்டியது சுமார் 4.9 கோடி என்று கணக்கிட்டார்கள். ஆனால் அவர் வேறு வேலை தேட வேண்டும், அங்கே வாங்கும் சம்பளம் இந்தத் தொகையில் கழியும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அடுத்த மாதமே வர்ஜீனியா டெக் அவரை நியமித்தது; பென் ஸ்டேட் 90 லட்சத்தோடு கணக்கை முடித்துக்கொண்டது. அந்த ஒரு பிரிவால் மிஞ்சியது சுமார் 4 கோடி டாலர்.

இதனால்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்: பணம் வீணாவது நீக்கும் நாளில் அல்ல, ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்திடும் நாளில். ஒரு நல்ல சீசன் முடியும், வேறு பல்கலைக்கழகம் கேட்கிறது என்று முகவர் ஒரு வார்த்தை சொல்வார், இயக்குநர் பதறுவார். அந்தச் சில நாளில், இன்னும் பல ஆண்டு பாக்கியிருக்கும் ஒப்பந்தத்தின் மேல் மேலும் சில ஆண்டு ஏற்றப்படுகிறது.

ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தால் எதை முதலில் பார்க்க வேண்டும்?

முதல் பக்கத்துச் சம்பளத்தைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் சில லட்சமாகவே இருக்கலாம். பெருந்தொகை "ஊடகத் தோற்றம்", "தனிப்பட்ட சேவை" போன்ற தலைப்புகளில் கீழே இருக்கும். பைஅவுட் இரண்டையும் சேர்த்தா, ஒன்றுக்கு மட்டுமா என்று பாருங்கள். அதன் பிறகு:

1. உத்தரவாதச் சதவீதம். மீதிச் சம்பளத்தில் முழுவதுமா, ஒரு பகுதியா?
2. கழிவுப் பிரிவு. புதுச் சம்பளம் கழியும் என்று மட்டும் எழுதினால் போதாது. முன்னாள் பயிற்சியாளர் வேண்டுமென்றே குறைந்த சம்பளத்துக்கு ஆலோசகராகச் சேர்ந்துவிட்டால், மீதி முழுவதையும் பழைய பல்கலைக்கழகமே கட்டும். புதுச் சம்பளம் சந்தை மதிப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.
3. குறையும் தேதி. ஃப்ராஸ்டுக்கு நெப்ராஸ்கா தர வேண்டியது 2022 அக்டோபர் 1 அன்று 1.5 கோடியிலிருந்து 75 லட்சமாகக் குறைய இருந்தது. ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மைதானத்தில் தோற்ற மறுநாள், செப்டம்பர் 11 அன்று, நீக்கினார்கள். மூன்று வாரத்துக்கு 75 லட்சம் டாலர்.
4. கட்டும் முறை. மாதத் தவணையா, மொத்தமாகவா? ஆபர்ன் 2020-இல் கஸ் மல்சானை நீக்கியபோது 2.145 கோடியில் பாதியை 30 நாளுக்குள் தர வேண்டியிருந்தது. கொரோனாவால் மைதான வரவு சரிந்த ஆண்டு அது.
5. தானாக நீளும் பிரிவு. குறிப்பிட்ட எண்ணிக்கை வெற்றி கிடைத்தால் ஓர் ஆண்டு தானே கூடும். செய்தியில் வராது, பைஅவுட் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

துணைப் பயிற்சியாளர்களின் ஒப்பந்தங்களைத் தனியாகக் கூட்ட வேண்டும். டெக்சாஸ் 2021 தொடக்கத்தில் டாம் ஹெர்மனை நீக்கியபோது அவருக்குச் சுமார் 1.5 கோடி. அவருடைய துணையாளர்களையும் சேர்த்தபோது சுமார் 2.4 கோடி ஆனது.

தவறு செய்தார் என்று காரணம் காட்டி, பணம் தராமல் நீக்க முடியாதா?

ஒப்பந்தத்தில் சொன்ன தவறு உண்மையில் நடந்திருந்தால் முடியும். மிச்சிகன் ஸ்டேட்டின் மெல் டக்கர் 2021-இல் 9.5 கோடிக்கு 10 ஆண்டு ஒப்பந்தம் பெற்றவர். பாலியல் துன்புறுத்தல் புகாரை அடுத்து 2023-இல் காரணத்தோடு நீக்கப்பட்டார். மீதமிருந்த சுமார் 8 கோடியைப் பல்கலைக்கழகம் தர மறுத்தது.

தோல்விக்காக நீக்கிவிட்டு, பிறகு காரணம் தேடினால் கதை வேறு. கன்சாஸ் 2018-இல் டேவிட் பீட்டியைக் காரணமின்றி நீக்கியது. தர வேண்டியது 30 லட்சம். பிறகு விதிமீறல் இருக்கலாம் என்று சொல்லிப் பணத்தை நிறுத்தியது. வழக்குப் போட்டார், 2020-இல் 25.5 லட்சம் கொடுத்துத் தீர்த்தார்கள். எல்.எஸ்.யூ.வில் பிரையன் கெல்லி 2025 அக்டோபரில் நீக்கப்பட்டபோதும் சுமார் 5.4 கோடி பற்றித் தகராறு கிளம்பியது. அவர் நீதிமன்றம் போன பிறகு, காரணமின்றி நீக்கியதாகவே பல்கலைக்கழகம் உறுதி செய்தது. அந்த நேரத்தில் மாநில ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரியே அந்த ஒப்பந்தத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். விளையாட்டு இயக்குநர் ஸ்காட் வுட்வர்டும் பதவி இழந்தார். 2017-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம்முக்கு ஃபிஷரைக் கொண்டுவந்த இயக்குநரும் இதே வுட்வர்ட்தான்.

சீசன் முடியும் வரை ஏன் பொறுப்பதில்லை?

வீரர் சேர்ப்பு நாள்காட்டிதான் காரணம். பள்ளி இறுதியாண்டு வீரர்கள் டிசம்பர் தொடக்கத்திலேயே கையெழுத்திடுகிறார்கள். அதையடுத்து, வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கிறது. புதுப் பயிற்சியாளர் நவம்பர் இறுதிக்குள் வரவில்லையென்றால், வருவதாகச் சொன்ன மாணவர்களும் இருக்கிற வீரர்களும் கைவிட்டுப் போவார்கள். முன்கூட்டியே நீக்கினால் தேடலுக்குக் கூடுதலாக ஆறேழு வாரம் கிடைக்கும். ஆனால் பல அணிகள் ஒரே நேரத்தில் இதையே செய்வதால், தகுதியான சிலரின் விலையை எல்லோரும் சேர்ந்து ஏற்றிவிடுகிறார்கள்.

இந்தப் பணத்தை மாணவர்களும் வரி கட்டுகிறவர்களுமா தருகிறார்கள்?

பெரிய லீக்குகளில் நேரடியாக இல்லை. ஃபிஷருக்கு உரிய முதல் தொகை ட்வெல்ஃப்த் மேன் ஃபவுண்டேஷன் என்ற நன்கொடை அமைப்பின் நிதியிலிருந்தும், ஆண்டுத் தவணைகள் விளையாட்டுத் துறையின் வரவிலிருந்தும் வரும் என்று அறிவித்தார்கள். ஆனால் அதே நன்கொடையாளர் நூலகத்துக்கோ உதவித்தொகைக்கோ கொடுத்திருக்கக்கூடிய பணம் அது.

சிறிய லீக்குகளில் நிலைமை வேறு. அங்கே தொலைக்காட்சிப் பணம் சொற்பம். விளையாட்டுத் துறையின் வரவில் பெரும்பங்கு மாணவர் கட்டணத்திலிருந்தும் பல்கலைக்கழகப் பொது நிதியிலிருந்தும் வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து முதுகலை படிக்கப் போகும் மாணவரும், ஓர் ஆட்டமும் பார்க்காவிட்டாலும், பல இடங்களில் இதைக் கட்டுகிறார். கட்டணச் சீட்டில் "அத்லெடிக் ஃபீ" என்று தனி வரி இருக்கும். சில பல்கலைக்கழகங்களில் பொதுவான மாணவர் கட்டணத்துக்குள் அடங்கியிருக்கும். சேரும் முன் கட்டணப் பிரிவுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இப்போது வீரர்களுக்கும் பணம் தருகிறார்களே, இனி பைஅவுட் குறையுமா?

குறைய வேண்டும் என்பதே எங்கள் விருப்பம், இதுவரை குறையவில்லை. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பர வருமானம் பெறலாம். 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த ஹவுஸ் வழக்கு (என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் தொடுத்த வழக்கு) சமரசத்தின்படி, முன்னாள், இந்நாள் வீரர்களுக்கு 10 ஆண்டில் 280 கோடி டாலர் இழப்பீடு. அதோடு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025–26-இல் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகத் தரலாம்.

அதே இலையுதிர் காலத்தில்தான் ஃபிராங்க்ளினும் கெல்லியும் நீக்கப்பட்டார்கள். கெல்லி ஒருவருக்கு முதலில் கணக்கிட்ட தொகை, ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் ஓராண்டில் தரக்கூடிய உச்சவரம்பைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஃபுட்பால் வரவை நம்பி நடக்கும் நீச்சல், மல்யுத்தம், டென்னிஸ் அணிகள்தான் முதலில் அடிபடும். ஸ்டான்ஃபோர்டு போன்ற வசதியான பல்கலைக்கழகமே 2020-இல் 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. முன்னாள் மாணவர்கள் போராடிய பிறகு 2021-இல் அதைத் திரும்பப் பெற்றது.

எண்களை நாமே சரிபார்க்க வழி உண்டா?

உண்டு. அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் அந்த மாநிலத்தின் தகவல் உரிமைச் சட்டப்படி இரண்டு ஆவணங்களைக் கேளுங்கள்: பயிற்சியாளரின் ஒப்பந்தம், எல்லாத் திருத்தங்களோடும், ஆண்டுதோறும் என்.சி.ஏ.ஏ.வுக்குத் தரும் நிதி அறிக்கை. திருத்தங்களைக் குறிப்பிட்டுக் கேட்காவிட்டால் பழைய ஒப்பந்தம் மட்டும் வந்து சேரும். நீட்டிப்பும் பைஅவுட் மாற்றமும் திருத்தத்தில்தான் இருக்கும். சில மாநிலங்களில், மாநிலத்தில் வசிப்பவர் மட்டுமே கேட்க முடியும்.

நோட்டர் டேம், நார்த்வெஸ்டர்ன் போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தத்தைத் தர வேண்டியதில்லை. அவை வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் படிவம் 990 பொதுவில் கிடைக்கும். அதிகச் சம்பளம் வாங்குவோர் பட்டியலில், நீக்கப்பட்ட பிறகும் பணம் வாங்கும் பயிற்சியாளரின் பெயர் இருக்கும்.

நிதி அறிக்கையைப் படிக்கும்போது மொத்த வரவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மாணவர் கட்டணம், பல்கலைக்கழக நேரடி உதவி, அரசு உதவி ஆகிய மூன்று வரிகளும் வரவுப் பக்கத்திலேயே இருக்கும். அவற்றைக் கழித்தால் வருவதுதான் விளையாட்டுத் துறை தானே ஈட்டியது. அமெரிக்கக் கல்வித் துறை தளத்தில் உள்ள தரவில் வரவும் செலவும் பல இடங்களில் ஒரே எண்ணாக இருக்கும். பற்றாக்குறையைப் பல்கலைக்கழகப் பணத்தால் நிரப்பிய பிறகு எழுதிய எண் அது. நீக்கப்பட்டவர்களுக்குத் தந்த பணம் செலவுப் பக்கத்தில் "பணிநீக்கத் தொகை" என்ற தனி வரியில் வரும். தவணையாகத் தருவதாக இருந்தாலும் சில பல்கலைக்கழகங்கள் முழுத்தொகையையும் நீக்கிய ஆண்டிலேயே எழுதிவிடும். ஓராண்டை மட்டும் பார்க்காமல், தொடர்ந்து ஐந்து ஆண்டு அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.